தேவாரம் முந்தியோ, சோழர் முந்தியோ?

ஏ.எல். சோதினைக்கு வரலாறு எடுக்கிற ஒரு பிள்ளை ரெண்டு கேள்வி கேட்டிருக்கிறா. ஒண்டு, "பக்தி இயக்கத்தைச் சோழ அரசர்தானே உண்டாக்கினவை, ராஜராஜன் பெரிய கோயில் கட்டினதோடதானே அது தொடங்கினது?" மற்றது, "பக்தி இயக்கம் சாதியை ஒழிச்சது எண்டு நோட்ஸில கிடக்கு, அது உண்மையோ?" ரெண்டுக்கும் இல்லை எண்டு ஒரு சொல்லில சொல்லிப் போட்டுப் போகலாம். ஆனா ஏன் இல்லை எண்டு விளங்காட்டி சோதினை முடிஞ்ச கையோட மறந்து போம், அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போறன்.

பிள்ளை, புத்தகத்தை ஒருக்கா மூடி வச்சிட்டுப் பின்னேரப் பூசைக்கு உங்கட ஊர்க் கோயிலுக்குப் போங்கோ. தீபம் எல்லாம் காட்டி முடிய ஐயர் வேதம் சொல்லுவார், பிறகு பஞ்சபுராணத்துக்கு, அதாவது அஞ்சு சைவ நூலில இருந்து ஒவ்வொரு பாட்டுப் பாடுறதுக்கு, விடுவார். எங்கட ஊர்ப் பிள்ளையார் கோயில்ல அதைப் பாடுறவர் ஒரு தோட்டக்காரர், அறுபது வயசு தாண்டியிருக்கும், வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப் போட்டு கால் கழுவிக் கொண்டு நேர வருவார், சால்வையை இடுப்பில சுத்திக் கட்டி, கண்ணை மூடி, "திருச்சிற்றம்பலம்" எண்டு தொடங்குவார். முதல்ல தேவாரம், பிறகு திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரிய புராணம், அதுக்குப் பிறகு ஒரு திருப்புகழ், கடைசியா "வான்முகில் வழாது பெய்க". எல்லாம் சேத்துப் பத்து நிமிசம் வராது. அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள ஏழாம் நூற்றாண்டில இருந்து பதினைஞ்சாம் நூற்றாண்டு வரைக்கும் அவர் எங்களைக் கூட்டிக் கொண்டு போறார், அதுவும் பெரும்பாலும் காலவரிசைப்படி. உங்கட முதல் கேள்விக்கான மறுமொழி முழுக்க அந்த வரிசையிலதான் இருக்கு.

தேவாரத்தில இருந்து தொடங்குவம். அப்பரும் சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டு ஆக்கள், பல்லவர் காலம். இதை எப்பிடி நிச்சயமாச் சொல்லுறது எண்டு கேப்பீங்கள். சம்பந்தர் திருச்செங்காட்டங்குடியில பாடின பதிகத்தில சிறுத்தொண்டரைப் பேர் சொல்லிப் பாடுறார், அந்தச் சிறுத்தொண்டர் முந்தி பல்லவ அரசனுக்குச் சேனாபதியா இருந்து வாதாபி நகரத்தை அழிச்சவர் எண்டு பெரிய புராணம் சொல்லுது, முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரிட்ட இருந்து வாதாபியைப் பிடிச்சது 642இல. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல. இடையில 343 வருசம் கிடக்கு. எங்கட கணக்கில பாத்தால், யாழ்ப்பாணத்துக் கடைசி அரசன் சங்கிலியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிடிச்சது 1619இல, இண்டைக்கு நானூறு வருசத்துக்குக் கிட்ட. சங்கிலியன் காலத்தில நடந்த ஒண்டை இப்ப இருக்கிற ஆக்கள்தான் தொடக்கி வச்சவை எண்டு ஒருத்தர் சொன்னால் நாங்கள் விடுவமோ? சோழர் தேவாரத்தைத் தொடக்கினவை எண்டு சொல்லுறதும் அந்த மாதிரித்தான்.

தொடக்கினவை ஆர் எண்டு பாத்தால் அரசர் இல்லை, நடந்து திரிஞ்ச ஆக்கள். காரைக்கால் அம்மையார் இவைக்கும் முந்தி, வணிகக் குடும்பத்துப் பெண், புருசன் விட்டிட்டுப் போன பிறகு தன்ர உடம்பின்ர வடிவே வேண்டாம் எண்டு பேயுருவம் கேட்டு வாங்கினவ எண்டு கதை. அப்பர் சமண மடத்தில தருமசேனர் எண்ட பேரில இருந்து, சூலை நோவோட தமக்கை திலகவதியாரிட்ட ஓடி வந்து திரும்பவும் சைவராகினவர். சம்பந்தர் சீர்காழிப் பிராமணப் பிள்ளை. இவை ஊர் ஊராப் போய் அந்தந்த ஊரின்ர பேரைச் சொல்லி, அங்க ஓடுற ஆத்தைச் சொல்லி, வயலைச் சொல்லி, கடலைச் சொல்லித் தமிழில பாடினவை. பாடல் பெற்ற தலம் எண்டு 270க்கு மேல இருக்கு. அந்த நேரம் பெரிய சமயக் கதையெல்லாம் வடமொழியிலும் பிராகிருதத்திலும் பாளியிலும் நடந்து கொண்டிருக்கேக்க, "தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்" எண்டு அப்பர் பாடுறதும், சம்பந்தர் பதிகத்தின்ர கடைசிப் பாட்டில தன்னைத் "தமிழ் ஞானசம்பந்தன்" எண்டு சொல்லுறதும் சின்ன விசயமில்லை. வயல் செய்யிறவனுக்கு விளங்கிற பாசையில, அவன்ர ஊர்ப் பேரோட, அவன்ர வாயிலேயே நிக்கிற ராகத்தில கடவுளைக் கொண்டு வந்து விட்டவை. வைணவத்தில ஆழ்வார் பன்னிரண்டு பேரும் செய்தது இதேதான், ஆண்டாளின்ர திருப்பாவையைக் கேட்டால் விளங்கும், விடிய எழும்பிக் குளிக்கப் போற பெட்டையளின்ர குரல் அது.

இதில ஒண்டை மறைக்கக் கூடாது. சம்பந்தரின்ர பதிகத்தில எட்டாம் பாட்டு இராவணனுக்கு, ஒன்பதாவது அடிமுடி தேடின கதைக்கு, பத்தாவது சமணரையும் புத்தரையும் ஏசுறதுக்கு, இது கிட்டத்தட்ட ஒரு சட்டம் மாதிரி வரும். பக்தி எண்டால் ஒரே அன்பு எண்டு எழுதிப் போட்டு வராதேங்கோ. சமணமும் பௌத்தமும் நகரத்து வணிகரிட்டயும் அரசரிட்டயும் செல்வாக்கா இருந்த காலம், பல்லவ மகேந்திரவர்மனே முதல்ல சமணத்தில இருந்தவன் எண்டுதான் சைவ வரலாறு சொல்லுது, அந்த இடத்தைப் பிடிக்கிற சண்டையும் இந்தப் பாட்டுகளுக்குள்ள கிடக்கு. ஆனா அதே சண்டைக்குள்ளதான் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" எண்ட பாட்டும் வந்தது. பல்லவ அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிடேக்க அப்பர் பாடினது எண்டு சொல்லுவினம். நாங்கள் ஒருத்தருக்கும் குடிமக்கள் இல்லை, யமனுக்கும் பயமில்லை. இதை ஆறாம் வகுப்பில மனப்பாடம் பண்ணினனான், அப்ப ஒண்டும் விளங்கேல்லை, பிறகு ஊரைவிட்டு எல்லாரும் மூட்டை முடிச்சோட நடக்கேக்க எனக்குப் பக்கத்தில வந்த ஒரு அம்மா முணுமுணுத்துக் கொண்டு வந்தவ, அப்பதான் அந்தப் பாட்டின்ர பாரம் தெரிஞ்சது.

ரெண்டாவது பாட்டு திருவாசகம், ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டிய நாடு. மாணிக்கவாசகரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மார்கழியில திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமா ஒழுங்கையால போற கூட்டத்தின்ர சத்தத்தில முழிக்காத ஆக்கள் யாழ்ப்பாணத்தில குறைவு. திருவாதவூரடிகள் புராணம் படிக்கேக்க ஈழத்து அரசன் ஊமை மகளையும் கூட்டிக் கொண்டு புத்த குருவோட தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, வந்து வாதாடின கதை வரும், கவனிச்சுக் கேளுங்கோ, அந்தக் காலத்தில பாக்கு நீரிணை ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்கேல்லை எண்டது அதில தெரியும்.

மூண்டாவதா வாற திருவிசைப்பாவிலதான் சோழர் வருகினம், அதுவும் பாட்டுப் பாடிக் கொண்டே வருகினம். திருவிசைப்பா பாடின ஒன்பது பேரில ஒருத்தர் கண்டராதித்தர், பத்தாம் நூற்றாண்டில ஆண்ட சோழ அரசர், செம்பியன் மாதேவியின்ர புருசன். அவர் தில்லையைப் பாடேக்க "தென்னன் நாடும் ஈழமும் கொண்ட திறற் செங்கோற் சோழன்" தில்லை அம்பலத்துக்குப் பொன் போட்டதைச் சொல்லுறார், அது அவற்ர தகப்பன் முதலாம் பராந்தகன், "மதுரையும் ஈழமும் கொண்ட" எண்டு பட்டம் போட்டவன். நல்லா யோசிச்சுப் பாருங்கோ. முதல் பாட்டில "நாமார்க்கும் குடியல்லோம்" எண்டு பாடின அதே வழியில, முந்நூறு வருசம் கழிச்சு, அரசனே உள்ளுக்க வந்து நிண்டு, எங்கட நாட்டைப் பிடிச்ச கதையையும் பக்திப் பாட்டுக்குள்ள வச்சுப் பாடுறார். பக்தி இயக்கம் பேரரசுக்குள்ள போன இடம் எது எண்டு ஆரும் கேட்டால் நான் இந்த ஒரு பாட்டைத்தான் காட்டுவன். திருவிசைப்பா பாடின இன்னொருத்தர் கருவூர்த் தேவரோ இன்னும் ஒரு படி மேல, தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழேச்சரத்தையும் பாடுறார், ஊராக்கள் கும்பிட்டு வந்த பழைய தலத்தை விட்டிட்டு அரசர் புதுசாக் கட்டின கோயிலுக்குப் பதிகம் வந்தாச்சு.

சரி, அப்ப சோழர் செய்தது என்ன? சரியான பெரிய வேலை செய்தவை, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். தில்லையில ஒரு அறைக்குள்ள ஏடுகள் செல்லரிச்சுக் கிடந்ததை எடுப்பிச்சு நம்பியாண்டார் நம்பியைக் கொண்டு திருமுறையா வகுப்பிச்சது ராஜராஜன் எண்டு சைவ மரபு சொல்லுது. மிஞ்சினது தேவாரத்தில கிட்டத்தட்ட 800 பதிகம். கல்வெட்டில நேரடியா இருக்கிறதைச் சொல்லுறன், தஞ்சைப் பெரிய கோயில்ல திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை அடிக்க ஒருத்தர், கொட்டிமத்தளத்துக்கு ஒருத்தர், மொத்தம் 50 பேரை ராஜராஜன் நியமிச்சு, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூண்டு குறுணி நெல்லு கோயில் பண்டாரத்தில இருந்து குடுக்கச் சொல்லிப் பேர் பேரா எழுதி வச்சிருக்கு. ஒருத்தர் செத்தால் இல்லாட்டி ஊர் விட்டுப் போனால் அவற்ர உறவுக்காரர் அந்த இடத்துக்கு வந்து பாட வேணும், அவருக்குப் பாடத் தெரியாட்டித் தெரிஞ்ச ஆளைப் போட வேணும் எண்டது வரைக்கும் கிடக்கு. கோயில்ல தேவாரம் பாடுறதுக்கு நிவந்தம், அதாவது மானியம், விடுறது பல்லவர் கடைசிக் காலத்திலயே இருந்தது, திருவல்லம் கல்வெட்டில திருப்பதியம் பாடுறவை வருகினம். ஆனா இந்த அளவில, ஒரு அரசாங்க வேலை மாதிரி நிரந்தரமாக்கினது சோழர். அதோட பெரிய கோயில் எண்டது சாமி கும்பிடுற இடம் மட்டுமில்லை, நிலம், நெல்லு, கடன், வட்டி, ஆடு மாடு, கோயில்ல ஆடுற 400 தளிச்சேரிப் பெண்டுகள், காவல்காரர், கணக்கர் எண்டு அது ஒரு பெரிய நிர்வாகம், காவேரிக் கரையில இருந்து ஈழம் வரைக்கும் ஊர் வருமானத்தை ஒரே கோயிலோட முடிஞ்சு விட்டவை. அரசனுக்கு அதால வந்த லாபம் பெரிசு. அப்பரும் சம்பந்தரும் ஏற்கனவே ஊர்ச் சனத்தின்ர மனசில போட்டு வச்ச பாதையாலதான் அவன் போனான், புதுசா ஒரு பாதை வெட்ட வேண்டி வரேல்லை.

கல்லுக்கும் ஒரு நன்றி சொல்ல வேணும். திருவிடைவாய் எண்ட ஊருக்குச் சம்பந்தர் பாடின பதிகம் ஒண்டு ஏட்டில இருந்து முழுக்க அழிஞ்சு போச்சு, ஆனா அந்த ஊர்க் கோயில் கல்வெட்டில ஆரோ வெட்டி வச்சிருந்தவை, போன நூற்றாண்டின்ர தொடக்கத்திலதான் அதைக் கண்டு பிடிச்சு எடுத்தது. எத்தினை பதிகம் அப்பிடிக் கூட மிஞ்சாமல் போயிருக்கும் எண்டு நினைக்க எனக்கு இப்பவும் மனசு கேளாது.

நாலாவது திருப்பல்லாண்டைத் தாண்டினால் அஞ்சாவது பெரிய புராணம். சேக்கிழார் ரெண்டாம் குலோத்துங்கனின்ர அமைச்சர், 1133இல இருந்து 1150 வரை ஆண்ட அரசன். எல்லா நாயன்மாரின்ர கதையையும் கோர்த்து ஒரே காப்பியமாக்கினது அரண்மனைக்குக் கிட்ட இருந்த ஒரு பெரிய அதிகாரி எண்டதை மனசில வையுங்கோ, ரெண்டாவது கேள்விக்கு அது வேணும். ஆறாவது திருப்புகழ், அருணகிரிநாதர் ஒரு பாட்டில "பிரபுடதேவ மாராஜன்" எண்டு பேர் சொல்லுறார், அது விஜயநகரத்து ரெண்டாம் தேவராயன், பதினைஞ்சாம் நூற்றாண்டு. சோழர் முடிஞ்சு, பாண்டியர் முடிஞ்சு, மதுரையில சுல்தான்மார் வந்து போய், துங்கபத்திரைக் கரையில 1336இல தொடங்கின அரசு தெற்கை ஆளுற காலம், பாட்டு மட்டும் நிக்கேல்லை. அருணகிரியார் கதிர்காமத்தைப் பாடினார், திருக்கோணமலையைப் பாடினார், "யாழ்ப்பாணாயன் பட்டினம்" எண்டு எங்கட ஊரையும் பாடினார்.

உங்கட பாடத்தில வட இந்தியாப் பக்கமும் வரும், அதைக் கெதியாச் சொல்லிப் போடுறன். பாகவத மாகாத்மியம் எண்ட வடமொழி நூலில பக்தியே ஒரு பொம்பிளையா வந்து தன்ர கதையைச் சொல்லுறா, திராவிடத்தில பிறந்தன், கர்நாடகத்தில வளந்தன், மகாராட்டிரத்தில அங்கங்க மதிப்பா இருந்தன், குஜராத்தில கிழவியாப் போனன் எண்டு. வரலாறும் பெரும்பாலும் அந்த வழியாலதான் போகுது, பன்னிரண்டாம் நூற்றாண்டில கல்யாண நகரத்தில பசவண்ணர் கன்னட வசனம், 1290இல மராத்தியில ஞானேஸ்வரர், பிறகு காசியில நெசவு செய்த கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ். ஒவ்வொரு இடத்திலயும் ஊர்ப் பாசை, ஊர்ச் சனம், பாட்டு.

இனி எங்கட பக்கம். சோழர் வரமுந்தியே சம்பந்தர் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" எண்டு திருக்கோணமலையைப் பாடிட்டார், கேதீச்சரத்தையும் பாடிட்டார், தேவாரம் பாடின மூண்டாவது ஆள் சுந்தரர் "பாலாவியின் கரைமேல்" எண்டு பாடினதும் மன்னாரில இருக்கிற அதே பாலாவிதான். ரெண்டு பேரும் இராமேச்சரத்தில நிண்டு இக்கரையை நினைச்சுப் பாடினவை எண்டு மரபு. ராஜராஜன்ர படை அனுராதபுரத்தைப் பிடிச்சது 993இல, ராஜேந்திரன் காலத்தில 1017இல அங்க ஆண்ட சிங்கள அரசன் அஞ்சாம் மகிந்தனையும் பிடிச்சுக் கொண்டு போயிட்டினம். கேதீச்சரம் இருக்கிற மாதோட்டம் ராஜராஜபுரம் ஆச்சு, அங்க தாழி குமரன் எண்ட ஒருத்தர் ராஜராஜேச்சரம் எண்டு கோயில் எடுத்த கல்வெட்டு இருக்கு. பொலநறுவையில வானவன்மாதேவி ஈச்சரம் இப்பவும் நிக்குது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில நான் போனனான், பெரிசா இருக்கும் எண்டு நினைச்சுப் போக, ஒரு வீட்டளவு கோயில், வெய்யில்ல சூடேறின சாம்பல் நிறக் கல்லு, சுவரில உள்ளங்கையை வச்சால் உளி பட்ட தடம் தெரியும். சுத்தி நிண்ட பெரிய விகாரைகளுக்கு நடுவில அது அவ்வளவு அமைதியா இருந்தது. அந்த நகரத்தில மண்ணுக்குள்ள இருந்து சுந்தரரின்ர வெண்கலச் சிலை எடுத்தவை, காரைக்கால் அம்மையாரின்ரயும் எடுத்தவை. 1070இல முதலாம் விஜயபாகு சோழரைக் கலைச்சு விட்டிட்டார், எழுபத்தேழு வருசத்துக் கணக்கு அதோட முடிஞ்சுது.

பாட்டு முடியேல்லை. யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தி பொறிச்ச காசில "சேது" எண்டு போட்டு நல்லூரில இருந்து ஆண்டினம், அதுவும் 1619இல போச்சு, 1621இல பறங்கியர் நல்லூர்க் கோயிலை இடிச்சுப் போட்டினம். பறங்கியருக்குப் பயந்து, விரதத்துக்குச் சாப்பிட்ட வாழையிலையைக் கூரைக்குள்ள செருகி ஒளிச்ச கதையை எங்கட பேத்தியார் சொல்லுவா, அவவுக்கு அவவின்ர பேத்தியார் சொன்னது. கல்லு இல்லை, நெல்லு குடுக்க அரசன் இல்லை, 48 பேர் இல்லை, அந்த நேரம் தேவாரம் எங்க இருந்தது? வீட்டில, வாயில. பிறகு ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில பிரசங்கம் தொடக்கி, பெரிய புராணத்தை வசனத்தில எழுதி அச்சடிச்சுக் குடுக்கேக்க அதைக் கேக்கச் சனம் தயாரா இருந்ததெண்டால், இடையில அத்தினை தலைமுறை ஆரோ பாடிக் கொண்டு இருந்தவை எண்டுதானே அர்த்தம்.

ரெண்டாவது கேள்வி, சாதி. பாட்டில இருக்குது, மிகத் தெளிவா இருக்குது. "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்" எண்டு அப்பர் கேக்கிறார். மாட்டை உரிச்சுத் தின்னுற புலையரா இருந்தாலும் சிவனுக்கு அன்பரெண்டால் "அவர் கண்டீர் நாம் வணங்கும் கடவுளாரே" எண்டு சொல்லுறார். ஆனா புலையர் குலத்தில பிறந்த நாயனார் நந்தனாரின்ர கதை எப்பிடி வளந்தது எண்டு பாருங்கோ, திருநாளைப் போவார் எண்டதும் அவர்தான். சுந்தரர் எட்டாம் நூற்றாண்டில "செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்" எண்டு ஒரு அடியில கும்பிட்டு விடுறார், நிபந்தனை ஒண்டும் இல்லை. நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டுப் பாடி "புன்புலை போய்" முனியானவர், தில்லை மூவாயிரவர், அதாவது அந்தக் கோயில் அந்தணர், கைகூப்பினவை எண்டு சேக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில சேக்கிழார் முப்பது பாட்டுக்கு மேல உருக்கமாப் பாடுறார், அதில நந்தனார் நெருப்புக்குள்ள இறங்கிப் பூணூலோட எழும்பி வந்த பிறகுதான் உள்ளுக்குப் போறார். சுந்தரர் அப்பிடியே கும்பிட்ட ஆளைச் சோழர் காலத்துப் புராணம் மாத்தித்தான் உள்ளுக்க விடுது. கோயில் நிலமும் நெல்லும் அதிகாரமும் ஆற்ர கையில சேந்ததோ அவையின்ர ஒழுங்கு கதைக்குள்ளயும் வந்திட்டுது எண்டுதான் நான் வாசிக்கிறன். பசவண்ணரின்ர ஆக்கள் கலப்புக் கலியாணம் வரைக்கும் போனவை, அதுக்குக் கல்யாண நகரத்தில ரத்தம் சிந்திச்சு. எங்கட பக்கம் 1968இல மாவிட்டபுரம் கோயில் வாசல்ல உள்ளுக்கு விடச் சொல்லிச் சனம் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது, உள்ளுக்கு அதே அப்பரின்ர தேவாரம் பாடிக் கொண்டிருந்த காலத்தில. அதால "ஒழிச்சது" எண்டு எழுதாதேங்கோ பிள்ளை, "கேள்வி கேட்டது" எண்டு எழுதி, சுந்தரரின்ர ஒரு அடியையும் சேக்கிழாரின்ர கதையையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ, திருத்துற ஆளுக்கு விளங்கும்.

அடுத்த முறை பூசைக்குப் போகேக்க மூண்டாவதா என்ன பாடுகினம் எண்டு ஒருக்காக் கவனியுங்கோ. எங்கட கோயில்ல எப்பவும் திருமாளிகைத் தேவரின்ர "ஒளிவளர் விளக்கே"தான். ஆரும் கண்டராதித்தரின்ர பாட்டைப் பாடிக் கேட்டால் எனக்குச் சொல்லுங்கோ, நான் இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் பாடிக் கேட்கேல்லை.